சாந்தியின் பெயரில் ஒரு நன்கொடை

நான் சுவிட்சர்லாந்தின் துன் நகரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன். என் மனைவி சாந்தி நோயில் படுத்திருந்தபோது, தாதியர் அமைப்பு ஒன்று தினமும் வீட்டுக்கு ஆள் அனுப்பி அவளைப் பராமரித்தது. அவளுடைய ஆண்டுத் திவசத்தன்று அந்த அமைப்புக்கு நன்கொடை அனுப்பினேன். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்வதுபோல, கொடுப்பவர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயரையே எழுதினேன். பற்றுச்சீட்டும் அவள் பெயருக்கே வந்தது. வரிக்கழிவு கேட்டு அதை அப்படியே இணைத்து அனுப்பிவிட்டேன்.

வரி அலுவலகம் விளக்கம் கேட்டுக் கூப்பிட்டது. கூட வேலை செய்யும் குமார் அண்ணை, "செத்த ஆளின்ர பேரில பற்றுச்சீட்டுக் குடுத்தா கள்ளம் எண்டெல்லோ நினைப்பாங்கள்?" என்றார்.

அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் எனக்குத் தெரிந்த டொச், அதாவது ஜெர்மன், மொழியில், "காசு என்ர கணக்கில இருந்துதான் போனது. ஆனா குடுத்தது அவவா இருக்கட்டும் எண்டு நினைச்சன்" என்றேன். அவர் பற்றுச்சீட்டை எடுத்து மறுபடி பார்த்தார். பிறகு, பணம் கட்டியவர் பெயரில் புதுப் பற்றுச்சீட்டு வாங்கித் தந்தால் போதும் என்றார். "உங்கள் மனைவியின் பெயரை எப்படி உச்சரிப்பது?" என்று கேட்டு, மெதுவாக ஒருமுறை சொல்லியும் பார்த்தார்.

இப்போது என் பெயரில்தான் அனுப்புகிறேன். குறிப்பு எழுதும் இடத்தில் 'சாந்தியின் நினைவாக' என்று எழுதுகிறேன். வரியில் மிச்சமாகும் பணத்தையும் அடுத்த திவசத்துக்குச் சேர்த்தே அனுப்புகிறேன். அவள் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவள் அல்ல.