இருபது பக்கமும் அரைத்தாளும்

எண்பதுகளில் கோவில்பட்டி அருகே ஒரு ரசாயன ஆலையில் வேலை பார்த்தேன். வினையூக்கி உருண்டைக்குள் வாயு எவ்வளவு தூரம் புகுந்து வினைபுரிகிறது என்று அடுக்கடுக்காகக் கணக்கிட்டு இருபது பக்கம் எழுதினேன். எனக்குப் பின் சேர்ந்த ஜெசிந்தா அதையே அரைத்தாளில் முடித்துவிட்டாள். விடை ஏறக்குறைய ஒன்றுதான். அவளிடமே கேட்டேன்.

"உருண்டையோட நடுப்பகுதிய விட்டுட்டியே?"

"வாயு மேலோடயே தீர்ந்துபோவுது அண்ணாச்சி. தூத்தல் விழுந்த கரிசல் கட்டிய உடைச்சுப் பாருங்க, தெரியும்."

உடைத்தேன். ஓரம் ஈரம், உள்ளே புழுதி. அப்போதும் முழுதாகப் பிடிபடவில்லை.

மேலாளர் என் பக்கங்களைப் புரட்டியபடி, "இதவிடச் சுருக்கமா வழி இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஜெசிந்தா தன் அரைத்தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

கணக்கு பிற்பாடு புரிந்துவிட்டது. அவளுடைய அரைத்தாளை இன்னும் ஏன் என் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்றுதான் தெரியவில்லை.