குறை கண்டுபிடிக்கிற வேலை

என் மனைவிக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். நான் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். குறையை மறைப்பது என் பிழைப்பு. ஒன்பது வருஷமாக எப்படியோ காலம் தள்ளுகிறோம்.

அவள் பார்ப்பது குவேசார் வெளிச்சத்தை. வானத்தின் கோடியில் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிகிற பொருள் அது. வெளிச்சம் வரும் வழியில் ஒரு விண்மீன் திரள் இருந்தால், அது ஊதித் தள்ளும் வாயு சில நிறங்களை விழுங்கிவிடும். எந்த நிறம் தன் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளிக் குறைகிறது என்று பார்த்தே வாயுவின் வேகத்தைச் சொல்லிவிடுவாள். அதே கண்ணோடுதான் நான் அடித்த சுவரையும் பார்ப்பாள். என் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் அவள் பேச வேண்டும். பேச்சு எடுபட்டால் வேலை மூன்று வருஷம் நீளும். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு சரி. கையில் பன்னிரண்டு திரள்கள். அதில் ஒன்றின் வாயு மட்டும் தலைதெறிக்க ஓடியது. அவள் பேச்சே அதை நம்பித்தான்.

திங்கட்கிழமை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"அது திரளோட வாயுவே இல்லீங்க. நம்ம காத்து. தொலைநோக்கிக்கு மேல இருக்கிற காத்து அந்த நிறத்தைத் தின்னிருக்கு. அன்னிக்கே எடுத்த சாதாரண நட்சத்திர வெளிச்சத்துலயும் அதே இடத்துல குறையுது. நான்தான் கழிக்க மறந்துட்டேன்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியுதே."

அதற்கப்புறம் வீட்டில் எதிலுமே குறை இல்லை. ஆறிப்போன டீயையும் பேசாமல் குடித்தாள். செவ்வாய்க்கிழமை கூடத்துச் சுவருக்குப் பச்சை அடித்தேன். ஜன்னலுக்குக் கீழே ஒரு சாண் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். மூன்று நாள் அதைத் தாண்டித் தாண்டிப் போனாள், வாயே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "முதல்ல தப்பைச் சொல்லிடப் போறேன். அப்புறம் மிச்சம் பதினொண்ணு."

"சொல்லிடு. நான் ரெண்டு வீடு கூட அடிச்சுக்கறேன்."

தைரியமாகத்தான் சொன்னேன். அன்றைக்கு ஒரே கதவுக்கு மூன்று தடவை பெயின்ட் அடித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. நேராகச் சுவர் முன்னால் போய்க் குனிந்து பார்த்தாள்.

"இங்க ஒரு சாண் விட்டுப்போச்சு. கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "மூணு வருஷமும் குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க. இனிமே எல்லாரோட வேலையையும் முதல்ல நான்தான் பாத்துக் குறை சொல்லணுமாம்."

"பாவம் அவங்க" என்று சொல்லிவிட்டு, பச்சை டப்பாவைத் திறந்தேன்.