அப்பாவின் சிவப்பு ஐசி

விடிந்தும் விடியாத நேரத்தில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பெயர் கூப்பிடக் கூப்பிடக் குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. கேமரன் மலைப் பனியில் பக்கத்து ஆள்கூடத் தெரியாது; குரலை வைத்துத்தான் இன்னார் என்று தெரிந்துகொள்வோம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், அம்மா மறந்துவிட்டுப் போன கொழுந்துக் கூடையைக் கொடுக்கப் போய் அங்கே நின்றிருந்தேன். கிராணி அப்பாவுக்கு முந்தைய பெயரைக் கூப்பிட்டார். பிறகு அப்பாவுக்கு அடுத்த பெயர். கூப்பிடாத தன் பெயருக்கு அப்பா "இருக்கேன்" என்று உரக்கச் சொன்னார். ரெண்டு பேர் சிரித்தார்கள். வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார்கள், பாவிகள்.

"என்னண்ணே பண்றது, மேலேர்ந்து உத்தரவு. செவப்பு ஐசிக்காரங்களுக்குப் பர்மிட் இல்லாம வேல குடுக்கக் கூடாதாம் லா" என்றார் கிராணி. புதுச் சட்டம். குடியுரிமை உள்ளவருக்கு நீல அடையாள அட்டை, இல்லாதவருக்குச் சிவப்பு. அம்மா இந்த மலையிலேயே பிறந்தவள், அவளுக்கு நீலம். நாங்கள் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இந்த நாட்டவர்கள். அப்பா கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். ஒரே கூரை, ஒரே சோற்றுப் பானை, அவர் மட்டும் அந்நியர்.

அப்பா முன்பே பதிந்திருக்கலாம். சுதந்திரம் கிடைத்த சமயத்தில் ஆட்களை லோரியில் ஏற்றி, குடியுரிமைக்குப் பதியத் தானா ராத்தா டவுனுக்குக் கொண்டுபோனார்களாம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு திரிந்த அவசரகாலம் அது. தோட்டத்தைக் காக்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக, முள்கம்பி வேலியின் கேட்டில் அப்பா நின்றிருக்கிறார். "நீயும் ஏறுய்யா" என்று லோரியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். "கேட்ட விட்டுட்டு எப்பிடி வர்றது? பெரட்டுல பேரு இருக்கு, கையில துப்பாக்கி இருக்கு, என்னைப் போயி நீ யாருன்னு எவன் கேப்பான்?" என்று சொல்லி, இவரே கேட்டைத் திறந்து லோரியை அனுப்பிவைத்தாராம். தோட்டத்திலேயே வளர்ந்தவர்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும். பெரட்டில் பெயர் இருந்தால் நாட்டிலும் இருக்கிறது என்று நம்பினார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டதுதான்.

பர்மிட் கேட்க அரசாங்க ஆபீசுக்குப் போனபோது மலாய் பேச என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "எமர்ஜென்சில கேட்டுல நின்னவருன்னு சொல்லும்மா" என்றார். சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் மரியாதையாகத்தான் கேட்டான், எந்த கேட் என்று. அந்த வேலியையே எப்போதோ பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். பர்மிட் வரவில்லை.

தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டில் இருக்க வேண்டுமானால் வீட்டுக்கு ரெண்டு பேராவது வேலைக்கு வர வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து விதி. நான் படிவம் மூன்றில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், படித்துக்கொண்டிருந்தேன், கணக்கில் கெட்டிக்காரி. "வீடு போயிரும்டி" என்றாள் அம்மா. அடுத்த வாரமே அப்பா நின்ற இடத்தில் நின்று நான் "இருக்கேன்" என்றேன். அப்பாவை மலையிலேயே திரிங்காப் என்ற ஊரில் ஒரு காய்கறித் தோட்டத்து முதலாளி அரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டான். பர்மிட் இல்லாதவன் வாய் திறக்க மாட்டான் அல்லவா? அரசாங்க ஜீப் வரும் சத்தம் கேட்டால் அப்பா முட்டைக்கோசுப் பாத்திக்குள் குப்புறப் படுத்துக்கொள்வாராம். காட்டில் பதுங்கியிருந்தவர்களுக்கு எதிராகக் காவல் நின்ற மனுஷன்! அவரோடு சேர்ந்து படுத்துக்கிடந்த இன்னொரு சிவப்பு ஐசிக்காரர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அப்பா சட்டையெல்லாம் மண்ணோடு வீட்டுக்கு வருவார். கேட்டால், "வழுக்கிட்டேன்" என்பார்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் இளவட்டங்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் ஃபேக்டரி வேலை தேடிப் போய்விட, பறிக்க ஆளில்லாமல் கொழுந்து முற்றி நின்றது. உடனே தோட்டம் வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தது. எங்கள் லயத்து முன்னால் வேன் வந்து நிற்க, குளிரில் வெடவெடத்துக்கொண்டு இளைஞர்கள் இறங்கினார்கள். அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

"இவனுங்களுக்குப் பர்மிட் இருக்கா?"

"இருக்குப்பா. மேனேஜரே எடுத்துக் குடுத்திருக்காரு."

"குடுத்து வச்சவனுங்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டு, வந்தவர்களுக்கு ஆளுக்கொரு கிளாஸ் கொண்டுபோய்க் கொடுத்தார். என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. வயிற்றுப் பாட்டுக்கு வந்தவர்கள், எங்கள் பாட்டன் பூட்டன் வந்த மாதிரி. இன்றைக்கு அந்தச் சரிவுகளில் வேலை செய்கிறவர்களும் பெரும்பாலும் அவர்களைப் போல வந்தவர்கள்தான். அப்பா செத்தபோதும் அவர் சட்டைப் பையில் இருந்தது சிவப்பு ஐசிதான். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மனுஷன் தேத்தண்ணியும் கொடுத்து மன்னித்து அனுப்பியிருப்பார். என்னிடம் வந்து கேட்கட்டும், பார்க்கலாம்.