லாஸர் சொல்லாத பாதி

பெல்கிரேடுக்கு வடக்கே ஸ்ரெனியானின் என்ற எங்கள் ஊரில் லாஸர் வ்ரெபலோவைத் தெரியாதவர் யாரும் கிடையாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவனோடு ஒரு முறையாவது சண்டை போட்டிருப்பார்கள், மீதிப் பேர் அவனிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ஒரே ஆளுக்கு ஒரே சாயங்காலத்தில் இரண்டும் நடந்ததும் உண்டு.

அப்பா சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்தவர். மகன் லேத் பட்டறையில் சேர்ந்தால் போதும் என்று இருந்தார். மகனோ ஜீன்ஸ் வாங்கப் போகிறேன் என்று ரயிலேறி எல்லை தாண்டி த்ரியெஸ்தேவுக்குப் போனவன், ஒரு கிதாரோடு திரும்பி வந்தான். சுங்கத்தில் நிறுத்தினார்கள். போகும்போதே கையோடு கொண்டுபோனது, செத்துப்போன மாமாவுடையது என்று சொல்லிக் கண்ணில் தண்ணீரும் விட்டான். மாமா அப்போது ஊரில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல லாஸருக்கு என்றைக்குமே முகம் கோணியதில்லை.

அவனோடு டிரம் வாசித்த திபோர் வேறு ரகம். ஊர் ஓரத்தில் முஷ்லியா பக்கத்து ஹங்கேரியப் பையன். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம், கை மட்டும் சும்மா இருக்காது. இலையுதிர் காலத்தில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கைச் சுமந்து ஓடும் ஆலைப் பட்டையில் ஒரு உருளை கெட்டுப்போய் நொண்டி நொண்டி ஓடும். அதைக் கேட்டுத்தான் அவன் ஒரு தாளம் பிடித்தான். மூன்று அடி, பிறகு ஒரு மூச்சு இடைவெளி, பிறகு நான்கு அடி. அதன் மேல் லாஸர் வரிகளை ஏற்றினான். அவர்கள் குழு ‘சைலோ’ என்று பெயர் வைத்துக்கொண்டு போட்ட முதல் இசைத்தட்டில் அந்தப் பாட்டுக்கு வேறு ஏதோ அழகான பெயர் இருந்தது. நாடே அதை ‘நொண்டி’ என்றுதான் சொன்னது.

எண்பதாம் வருஷத்தில் ‘நொண்டி’ இல்லாத இடமில்லை. பள்ளிக்கூடப் பெஞ்சில் தட்டினார்கள், பட்டாளத்துப் பையன்கள் சாப்பாட்டுத் தட்டில் தட்டினார்கள். லியூப்லியானாவிலிருந்து ஸ்கோப்யே வரை ஒரு ஓட்டை வேனில் சுற்றி, எந்த அரங்கத்தில் வாசித்தாலும், மேடைக்கு வருவதற்கு முன்னாலேயே கூட்டம் அந்தத் தாளத்தைக் கைதட்டி அழைக்கும். லாஸர் திரைக்குப் பின்னால் நின்று பல்லைக் கடிப்பான். எல்லாரும் அந்த மூச்சு இடைவெளியை முழுங்கிவிடுகிறார்கள், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் பொறுமையாக நிற்க இந்த நாட்டில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்பான். தலைக்கனம் என்று சொல்லலாம். ஆனால் காது நிஜமாகவே நல்ல காது.

அந்தப் பெருமையெல்லாம் மூன்று நான்கு வருஷம்தான். இரண்டாவது இசைத்தட்டு கடைகளிலேயே தூசி படிந்தது. பாஸ் வாசித்தவன் பட்டாளத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு மின்சார வாரியத்தில் சேர்ந்தான். ஜனங்கள் அக்கார்டியன் பாட்டுக்கும் மினுமினுப்புச் சட்டைக்கும் போய்விட்டார்கள். லாஸர் கடற்கரை ஹோட்டல்களில் வறுத்த மீன் தின்னும் ஜெர்மன்காரர்களுக்கு முன்னால் பாடினான். திபோர் ஊரிலேயே தங்கி, கம்பள ஆலையில் வேலை பார்த்த பிரோஷ்காவைக் கட்டிக்கொண்டான். பழைய சினேகிதன் என்று லாஸரை ஞாயிற்றுக்கிழமை தோறும் சாப்பிடக் கூப்பிட்டவர்கள் அவர்கள் இருவர்தான். கசகசா ரொட்டியைக் கட்டிக் கையிலும் கொடுத்தனுப்புவாள் பிரோஷ்கா.

தொண்ணூற்றொன்றில் யுத்தம் வந்தது. டான்யூப் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பீரங்கி வெடித்தது, இந்தப் பக்கம் பட்டாளத்துக்குக் கூப்பிடும் சம்மன் கொண்டு வரும் ஆட்கள் வீடு வீடாகப் படியேறினார்கள். சம்மனில் கையெழுத்துப் போட்டால் போக வேண்டும், வீட்டில் ஆள் இல்லையென்றால் இன்னொரு நாள் வருவார்கள். அதனால் எங்கள் ஊர் ஆம்பிளைகள் யாரும் அந்த இலையுதிர் காலத்தில் வீட்டில் இல்லை. லாஸரும் திபோரும் முஷ்லியாவில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் ஒளிந்தார்கள். அது ஜெர்மனிக்குப் போய்விட்ட திபோரின் சித்தப்பா வீடு. பிரோஷ்கா வேலை முடிந்ததும் ரொட்டியும் பீன்ஸ் சூப்பும் கொண்டு வருவாள். அவள்தான் என்று தெரிய ஒரு அடையாளம் வேண்டுமே.

லாஸர் யோசிக்கவே இல்லை. ‘நொண்டி’யைத் தட்டட்டும் என்றான். திபோர் சிரித்தான். “டேய், நாட்டுல பாதிப் பேருக்கு அது தெரியும்டா.”

“தெரியும். சரியாத் தட்டத் தெரியுமா? எவனாவது அந்த எடத்துல நிப்பானா? தப்பாத் தட்டினா நான் கேட்டுருவேன்.”

இப்படி ஒரு யோசனை பாட்டுக்காரனுக்குத்தான் வரும். ஒரு செருப்புத் தைப்பவன் ஒளிந்திருந்தால் இரண்டு தட்டு, ஒரு இருமல் என்று வைத்துக்கொண்டு உயிரோடு இருந்திருப்பான். அதிலும் வேடிக்கை, பிரோஷ்காவுக்கே அந்தத் தாளம் வராது. எட்டு வருஷம் டிரம் அடிப்பவனோடு குடித்தனம் நடத்தியும் அவளும் அந்த இடைவெளியை முழுங்குவாள். அவள் தப்பாகத் தட்டுவது தினமும் அவர்களுக்கு ஒரு சிரிப்பு. அதனால் தப்பாகத் தட்டினால் பிரோஷ்கா என்று ஆகிப்போனது. முதலில் வைத்த விதி அங்கேயே செத்துவிட்டது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

அக்டோபரில் ஒரு மத்தியானம். திபோர் சமையலறைக் கண்ணாடிக்கு முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தான். லாஸர் உள்ளறைக் கட்டிலில் படுத்தபடி கம்பியில்லாத பழைய கிதாரில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். கதவு தட்டப்பட்டது. மூன்று அடி. ஒரு முழு மூச்சு. நான்கு அடி.

திபோர் கத்தியை நிறுத்தினான். மெல்லிய குரலில் கேட்டான்: “லாஸர், இது அவ இல்லையோ? இவ்ளோ சரியா அவ தட்ட மாட்டாளே.”

லாஸருக்குப் பசி. அதைவிட, அந்தத் தட்டல் காதுக்கு இனித்தது. பல வருஷம் கழித்து ஒரு ஆள் அந்த இடத்தில் நின்றிருக்கிறார் என்ற சந்தோஷம்.

“இப்பதான் கத்துக்கிட்டாளோ என்னவோ. சரியாத்தான் இருக்கு, என் காது பொய் சொல்லாது. போய்த் திற.”

திபோர் போய்த் திறந்தான். வாசலில் ராணுவப் போலீஸ் சார்ஜெண்ட் ஒருவன், பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர். குரல் கேட்டதுமே லாஸர் ஊறுகாய் ஜாடிகள் வைக்கும் சிற்றறைக்குள் நுழைந்து கதவை இழுத்துக்கொண்டான். அங்கிருந்து எல்லாம் கேட்டது. சார்ஜெண்ட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிராமத்துத் தீயணைப்புப் படை பேண்டில் டிரம் அடிப்பவனாம், சைலோவின் முதல் இசைத்தட்டைத் தேயத் தேயக் கேட்டு வளர்ந்தவனாம்.

“நேத்து இந்தத் தெருவுல போறப்ப ஒரு அம்மா இந்தக் கதவத் தட்டுனாங்க, திபோர் அண்ணே. கேட்டதும் புரிஞ்சுபோச்சு. ஆனா அந்த எடத்துல நிக்காம ஓடிட்டாங்க. எனக்கு மனசே ஆறல. நாமளாவது ஒழுங்காத் தட்டுவோம்னு நெனச்சேன்.”

மேஜையில் இரண்டு தட்டுகள் இருந்தன. சார்ஜெண்ட் அவற்றைப் பார்த்தான். எனக்குப் பசி ஜாஸ்தி என்றான் திபோர். என் தாளில் ஒரு பேர்தான் இருக்கிறது, தட்டை எண்ணச் சொல்லவில்லை என்றான் சார்ஜெண்ட். திபோர் சம்மனில் ஒரு கையெழுத்தும், சார்ஜெண்ட்டின் சிகரெட் பெட்டியில் ஒரு கையெழுத்தும் போட்டான். முகத்தில் பாதிச் சோப்பு நுரை அப்படியே இருந்தது. துடைத்துக்கொள்ள நேரம் கொடுத்தார்கள்.

சாயங்காலம் பிரோஷ்கா வந்தபோது லாஸர் நடந்ததைச் சொன்னான். சார்ஜெண்ட் முந்தின நாள் அவள் இடைவெளியில் நிற்காமல் தட்டியதைக் கேட்டு மனசு ஆறாமல் போயிருக்கிறான் என்றான். பிறகு அவனே வந்து தட்டினான், திபோர் நீதான் என்று நினைத்துத் திறந்துவிட்டான் என்றான். திபோர் சந்தேகப்பட்டதையும், திற என்று தான் சொன்னதையும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு மறைத்ததாகக்கூடத் தெரியவில்லை. அந்த இடம் வந்ததும் வாய் அதைத் தாண்டிப் போய்விட்டது. பிரோஷ்கா சூப்புப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு, மூடியைத் திறக்காமலே வீட்டுக்குப் போனாள்.

நவம்பரில் திபோர் மூடி ஆணியடித்த பெட்டியில் வந்தான். திறக்க அனுமதி இல்லை என்றார்கள். கத்தோலிக்கக் கல்லறையில் பத்தடி தள்ளி நின்றவர் முகம் தெரியாத பனிமூட்டம். தெரிந்த டாக்டர் ஒருவரிடம் இதயக் கோளாறு என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு லாஸர் அதற்குள் வெளியே நடமாடத் தொடங்கியிருந்தான். குழியருகே பிரோஷ்கா அவன் பக்கம் திரும்பினாள்.

“நான் ஒழுங்காத் தட்டியிருந்தா அவன் இருந்திருப்பான், இல்ல?”

லாஸர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். “உன் மேல தப்பு இல்ல பிரோஷ்கா. அப்படி நெனைக்காத.”

அதற்குப் பிறகு அவன் பாடியதை யாரும் பெரிதாகச் சொல்வதற்கில்லை. காலையில் வாங்கிய சம்பளத்துக்குச் சாயங்காலம் ரொட்டி கிடைக்காத வருஷங்கள். சாராயக் கடையில் பாடினான், கல்யாணத்தில் பாடினான், ஒரு குளிர்காலம் பீர் ஆலையில் காவல்காரனாக இருந்தான். எங்கே பாடினாலும் ‘நொண்டி’யைக் கேட்டார்கள், மறுத்துவிட்டான். செத்துப்போன நண்பனுக்கு மரியாதை என்று ஊர் உருகியது. அவனும் அதை மறுக்கவில்லை, குடிக்க யாராவது வாங்கிக் கொடுப்பார்கள்.

ஒன்று மட்டும் தவறாமல் செய்தான். வருஷா வருஷம் மிளகாய்ப் பருவத்தில் பிரோஷ்காவுக்கு ஒரு வண்டி விறகு கொண்டுபோய் இறக்கிப் பிளந்து அடுக்குவான். அவள் கொல்லையில் சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, பெரிய கொப்பரையில் கிண்டிக்கொண்டிருப்பாள். வேலை முடிந்து ஒரு கிளாஸ் பிளம் சாராயம் கொடுக்கும்போது அந்த ஒரு கேள்வியைக் கேட்பாள். நான் ஒழுங்காகத் தட்டியிருந்தால்? உன் மேல் தப்பில்லை என்பான் லாஸர். பிறகு இருவரும் வேறு பேசுவார்கள். நல்ல மனுஷன், இன்னும் வந்து ஆறுதல் சொல்கிறான் என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்து இரண்டில் பழைய குழுக்களுக்கு மறுபடி மவுசு வந்தது. பெல்கிரேடில் ஒரு பெரிய அரங்கத்தில் சைலோ மீண்டும் வாசிக்க வேண்டும், பதிவும் செய்வோம், ஆனால் ‘நொண்டி’ இல்லாமல் பேச்சே இல்லை என்றான் ஏற்பாட்டாளன். லாஸருக்கு நாற்பத்தெட்டு வயது, முன்பல் இரண்டு இல்லை, இதை விட்டால் வேறு எதுவும் வரப்போவதில்லை. மரியாதையை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு ஒத்துக்கொண்டான். பாட்டு திபோர் பெயரில் பதிவாகியிருந்ததால் பிரோஷ்காவின் சம்மதம் வேண்டும்.

விறகோடு போனான். பிளந்து அடுக்கினான். பிறகு விஷயத்தைச் சொன்னான். அவள் மிளகாயைக் கிண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். சாராயத்தை ஊற்றினாள்.

“நான் ஒழுங்காத் தட்டியிருந்தா அவன் இருந்திருப்பான், இல்ல லாஸர்?”

“உன் மேல தப்பு இல்லன்னு எத்தன தடவ சொல்றது?”

அவள் கரண்டியைக் கொப்பரை விளிம்பில் வைத்தாள்.

“திபோர் ரெண்டாம் நாளே போன் பண்ணினான். பாசறையிலருந்து, எங்க ஆலை மேஸ்திரி ரூமுக்கு. எல்லாத்தையும் சொன்னான். அவன் சந்தேகப்பட்டது, நீ திறன்னது, எல்லாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். லாஸர் மேல கோவப்படாத, அவன் காதுக்கு அது சரியாத்தான் கேட்டிருக்கும்னான்.”

லாஸர் கிளாஸைப் பிடித்தபடி நின்றான். அடுப்புப் புகை அவன் முகத்தில்தான் அடித்தது, நகரவில்லை.

“அப்புறம் ஏன் என்னை...” என்றான்.

“இல்ல, நான்தான் திறக்கச் சொன்னேன்னு நீயே சொல்லுவன்னு. கல்லறையில கேட்டேன். சொல்லிருவ, கட்டிப்பிடிச்சு அழுதுட்டுப் போயிரலாம்னு இருந்தேன். நீ சொல்லல. சரி, அடுத்த வருஷம். நீயும் விறகோட வருவ, நானும் கேப்பேன். ஒவ்வொரு தடவையும் என் தோளத் தட்டி என்னையே மன்னிச்சுட்டுப் போன, லாஸர்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இப்போது வேண்டாம், மிளகாய் அடிப்பிடித்துவிடும் என்றாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவன் கொண்டு வந்த தாளில் கையெழுத்துப் போட்டாள்.

“பாடு. நல்லாப் பாடு. அவன் பாட்டு வீணாப் போகக் கூடாது.”

பெல்கிரேடில் பாடினான். இருபது வயதில்கூட அவன் அப்படிப் பாடியதில்லை என்று அன்றைக்குப் போனவர்கள் இன்னும் சொல்கிறார்கள். பெரிய பெரிய ஆம்பிளைகள் தேம்பித் தேம்பி அழுதார்களாம். பிரோஷ்கா போகவில்லை. ரேடியோவில் வந்தபோதும் அணைக்கவில்லை, கேட்கவும் இல்லை, துணி காயப்போட வெளியே போய்விட்டாள்.

அடுத்த மிளகாய்ப் பருவத்தில் லாஸர் விறகோடு வந்தான். இந்தத் தடவை பதில் தயாராக இருந்தது. வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். பிளந்து அடுக்கி முடித்து, கொல்லையில் உட்கார்ந்தான். பிரோஷ்கா சாராயம் கொடுத்தாள். இந்த வருஷம் மிளகாய் தோல் தடிப்பு, சீக்கிரம் உரிய மாட்டேன் என்கிறது என்றாள். தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சொன்னாள். அவன் அடுத்த கிளாஸும் வாங்கிக் குடித்தான். அடுப்பு அணையும் வரை உட்கார்ந்திருந்தான். அவள் எதுவும் கேட்கவில்லை.