எலிக்குப் பயந்து போட்ட கட்டு

போன வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, சங்கரன்கோவிலில் எங்கள் வாடகை வீட்டு அடுக்களையில் நடந்தது இது.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கேஸ் அடுப்பு வந்த நாளிலிருந்தே அதன்மேல் ஒரு நடுக்கம். சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை அடைப்பேன். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பேன். கேஸ் டியூபை எலி கடித்துவிடும் என்று யாரோ சொல்ல, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து அதன்மேல் சுற்றிச் சணலால் இறுக்கிக் கட்டிவிட்டேன். அதோடு விடாமல் மூலைக்கு மூலை எலி மருந்தும் வைத்தேன்.

கொஞ்ச நாளில் அடுக்களையில் ஒரு அழுகல் நாற்றம். மருந்து தின்ற எலி எங்கோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். கேஸாக இருக்குமோ என்று என் கணவரிடம் ஒரு தடவை கேட்டேன். "ஒனக்கு எதப் பாத்தாலும் பயந்தான். போய் எலியத் தேடு" என்று சொல்லிவிட்டு அவர் தறி வேலைக்குக் கிளம்பிவிட்டார். தேடினேன், கிடைக்கவில்லை. நாற்றம் போகட்டும் என்று தினமும் சாம்பிராணி போட ஆரம்பித்தேன்.

அன்றைக்கு ஒரு பர்னர் சரியாக எரியவில்லை. தெருவில் மைக் வைத்த வண்டியில் வந்த அடுப்பு ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். எரித்துப் பார்ப்பாரே என்று ரெகுலேட்டரை அடைக்காமல் விட்டிருந்தேன். சிலிண்டருக்குக் கொஞ்சம் தள்ளி என் மகள் தரையில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். நிலைப்படி ஓரம் சாம்பிராணி போட்ட தூபக்காலில் கங்கு.

அவர் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். சாம்பிராணிப் புகை அவருக்குச் சேரவில்லை போல என்று ஃபேன் போடக் கையை நீட்டினேன்.

"யக்கா, சுவிச்சத் தொடாதிய. பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போங்க."

சத்தம்கூடப் போடவில்லை. அவர் குரல் அப்படித் தணிந்திருந்ததுதான் என்னை உலுக்கியது. நான் பிள்ளையோடு தெருவுக்கு ஓட, தூபக்காலைத் தூக்கிக்கொண்டு அவரும் வெளியே வந்தார். அதைத் தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் ரெகுலேட்டரை அடைத்தார். கதவு ஜன்னல் எல்லாம் திறந்தார்.

வெகுநேரம் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டுச் சணலை அறுத்தார். உள்ளே இருந்த கேஸ் டியூப் காலில் பித்தவெடிப்பு வந்த மாதிரி வெடித்திருந்தது. எலிப் பல் பட்ட தடமே இல்லை. மாற்ற வேண்டிய வருஷம் அதிலேயே போட்டிருந்தது. அது எப்போதோ தாண்டியிருந்தது. கட்டு மறைத்துவிட்டது.

எலி செத்த நாற்றம் என்று நினைத்தேன் என்றேன்.

"நல்ல எலிதான்க்கா. அதுக்குக் கங்கு வேற போட்டு வச்சிருக்கிய" என்றார்.

அவ்வப்போது ரெகுலேட்டரை அடைத்ததால்தான் இத்தனை நாள் தப்பித்தோமாம். புது டியூப் மாட்டி, சோப்பு நுரை தடவி, குமிழி வரவில்லை என்று காட்டினார். மகள் மிச்ச இட்லிக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பயந்துகொண்டிருந்தாலே ஜாக்கிரதையாக இருப்பதாக அத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். வேலை தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்காமல், என் பிள்ளைக்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுவந்து வைத்தது நானேதான்.