இரவல் டயர்

பதினஞ்சு வருஷப் பழைய காருக்கு எஃப்.சி. காட்டணும். நாலு டயரும் மொட்டை. எங்க ஊர்ல அதுக்கெல்லாம் யாரும் அசர மாட்டோம். மெக்கானிக்கிட்ட நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுவோம், எஃப்.சி. முடிஞ்சதும் கழட்டிக் கொடுத்துடுவோம். நானும் அப்படித்தான் தைரியமா வேங்கிக்கால் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போய் நின்னேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் குனிஞ்சு, முன் டயர்ல இருந்த கீறலைத் தடவினார்.

"இந்த வாரத்துல மூணாவது கார்ல இந்த டயரைப் பாக்கறேன். வீட்ல எத்தனை பேருங்க?"

"பசங்களோட அஞ்சு பேர் சார்."

"டயர் பாஸ். அந்த அஞ்சு பேர் போற டயரை மாட்டிக்கிட்டு நாளைக்கு வாங்க."

புது டயர் போட்டுத்தான் மறுபடி போனேன். அப்புறம் பத்து வருஷம் அந்தக் கார் எங்களை நடுவழியில விட்டதே இல்லை. ஆனாலும் ஒண்ணு உறுத்துது. ஒரே ஒரு நாள் பாக்கற இன்ஸ்பெக்டருக்காக நல்ல டயர் தேடி அலைஞ்ச நான், தினமும் ஏறுற என் பசங்களுக்காகத் தேடலை.