விருந்து மாப்பிள்ளையின் எடை

கல்யாணமான புதிதில் யாருக்கும் உடம்பு ஒரு சுற்றுப் பெருக்கத்தான் செய்யும். புது மாப்பிள்ளை காளைக்கு அதுவே வினையாகிவிட்டது. காளவாசல் கபடிக் குழுவில் எதிராளிக் கோட்டுக்குள் பாடிப் போய் ஆளைத் தொட்டுவிட்டு வருகிறவன் அவன்தான். வரப்போகிற பந்தயமோ ஐம்பத்தைந்து கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கு. ஒரு பிடி கூடினாலும் களத்தில் இறங்க விடமாட்டார்கள். பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு எடை மிஷினில் காசு போட்டான். ஐம்பத்தேழு என்று அட்டை விழுந்தது. பின்பக்கத்தில் 'நினைத்த காரியம் கைகூடும்' என்று வேறு அச்சடித்திருந்தது. கூட வந்த புதுப்பெண்டாட்டி சோலையம்மாளும் விளையாட்டாக ஏறினாள். நாற்பத்தைந்து.

"மாப்ள, நீ இல்லாம எவன்டா பாடிப் போறது? அம்புட்டுப் பேரையும் நட்டாத்துல விட்டுறாத," என்றான் குழுத் தலைவன் விருமாண்டி.

அன்றோடு காளைக்கு நிம்மதி போயிற்று. ஒத்தக்கடையில் மாமனார் வீட்டு விருந்துக்கு வந்திருந்தவன், விடிந்ததும் கண்மாய்க் கரையில் விழுந்தடித்து ஓடினான். தின்றதெல்லாம் கரைந்தது என்று ஒரு நிமிஷம் மனசு லேசாகும். வீட்டுக்குள் நுழைந்தால் மாமியார் பாண்டியம்மாள், "ஓடிக் களைச்ச ஒடம்பு" என்று இன்னொரு கரண்டி கறியை இலையில் சரிப்பாள். மத்தியானம் சித்தப்பா வீடு, சாயங்காலம் அத்தை வீடு. புது மாப்பிள்ளை வேண்டாமென்று சொன்னால் பெண் வீட்டுக்கு அவமானம். பயந்துகொண்டே தின்றான். ஒரு வாரம் கழித்து மறுபடி மிஷினில் ஏறினான். அதே ஐம்பத்தேழு.

"இம்புட்டு ஓடியும் கொறையலையே புள்ள." அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஓடுறத மட்டும் நெனச்சா எப்புடி மாமா? காலையில நீங்க எறக்குறத எங்க ஆத்தா ஒடனே ஏத்தி விட்டுருது. ரெண்டையும் கழிச்சுல்ல பாக்கணும்."

"வேணாம்னா கோவிச்சுக்கிருவாகளே."

"சொல்லாதீக. பாதிய வச்சுட்டு எந்திரிங்க. நான் பாத்துக்கிறேன்."

புருஷன் சாப்பிட்ட இலையில்தான் புதுப்பெண் உட்காருவாள். காளை பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்தான். பெண்டாட்டிக்கு மிச்சம் வைக்கிறானே என்று சொந்தமெல்லாம் பூரித்துப்போனது. பூரிப்பில் இன்னும் கூடுதலாகப் பரிமாறினார்கள். சோலையம்மாள் மூச்சுக் காட்டாமல் தின்று தீர்த்தாள்.

பந்தயத்தன்று போகிற வழியில் மிஷினில் ஏறினான். அட்டையைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவளிடம் நீட்டினான்.

"அம்பத்தி நாலரை," என்றாள்.

காளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் அவளையும் ஏறச் சொன்னான். மாட்டேன் என்றவளைக் கையைப் பிடித்து ஏற்றினான். நாற்பத்தெட்டு என்று வந்தது. அப்போதுதான் அவள் ரவிக்கையின் ஓரத் தையல் பிரித்து விடப்பட்டிருந்ததைக் கவனித்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஜெயிச்சுட்டு வாங்க மாமா," என்றாள் சோலையம்மாள். "பெரியம்மா வீட்டு விருந்து இன்னும் பாக்கி இருக்கு. அங்க மொதல்ல நான் சாப்புடுறேன். என் எலையில நீங்க உக்காருங்க."